மேப்ரி என்று ஓர் இரவல் பெயர்

என் மகளுக்கு மேப்ரி என்று பெயர் வைத்தவள் நான்தான். அதில் வேறு யாருக்கும் பங்கில்லை. அவள் அப்பன் ஜீன் டிட்வெல், நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கும்போதே டெக்சாஸ் பக்கம் எண்ணெய்க் கிணற்றில் வேலை என்று சொல்லிக் கிளம்பிப் போனான். போன இடத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரியோடு ஒட்டிக்கொண்டுவிட்டான் என்று அவன் தம்பியே வந்து சொல்லிவிட்டுப் போனான். அதனால் பிரசவத்துக்கு நானே வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். வலி வரும்போதெல்லாம் ஓரங்கட்டி நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. இந்தக் கதையில் பரிதாபப்பட வேண்டிய ஆள் வேறு.

எங்கள் ஹார்லோ ஊரில் நல்ல வீட்டுப் பிள்ளைகளின் பெயரைக் கேட்டாலே எந்த வீட்டு ரத்தம் என்று சொல்லிவிடலாம். கல்யாணம் ஆனால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர் போய்விடுகிறது அல்லவா, அதைப் போகவிடாமல் பிடித்துத் தன் பிள்ளைக்கு முதல் பெயராக வைத்துவிடுவாள். சட்டன் வீட்டுப் பெண் காலியர் வீட்டில் வாழ்க்கைப்பட்டால் குழந்தை சட்டன் காலியர். ஆணா பெண்ணா என்றெல்லாம் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வருகைப் பதிவு எடுத்தால் சபையின் கல்லறைத் தோட்டத்தில் நடந்துபோகிற மாதிரியே இருக்கும்.

எனக்கு அந்த வழக்கத்தில் இடமில்லை. என் பிறந்த வீட்டுப் பெயர் ஹாக். பன்றி என்றுதான் அர்த்தம். பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்து உறுமாத பையன் ஒருவன் கிடையாது. அந்தப் பெயரை உதறுவதற்காகவே ஜீனைக் கட்டிக்கொண்டேனோ என்று சில நாள் தோன்றும்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் வங்கிக்காரர் மருமகள். அவளுக்கும் அன்றைக்கே பெண் குழந்தை. அறை முழுக்கப் பூ. அவள் பிறந்த வீட்டிலிருந்து மூன்று பெண்கள் வந்து, பெயர் பொறித்த வெள்ளிக் கிண்ணத்தைக் குழந்தையின் காலடியில் வைத்தார்கள். எங்கள் ஹாலிஸ், எங்கள் ஹாலிஸ் என்று கொஞ்சினார்கள். ஹாலிஸ் அவர்கள் வீட்டுப் பெயர். என் பக்கம் ஒரு காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால் ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே, தெருவைத் தாண்டி மருந்துக்கடை போர்டு. நீல எழுத்தில் ‘மேப்ரி’ என்று இருந்தது.

பார்த்துக்கொண்டே இருந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் யூனிஸ் டேட்டம் என்ற நர்ஸ் பிறப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். பெயரைச் சொன்னேன். பேனா நின்றது. ஒரு புருவம் மேலே போனது.

“மேப்ரியா? இது உன் பக்கத்துப் பேரா, ஜீன் பக்கத்துப் பேரா?”

போர்டைப் பார்த்து வைத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். பக்கத்துக் கட்டில்காரி கேட்டுக்கொண்டிருந்தாள். போர்டைப் பார்த்துப் பெயர் வைத்தவள் என்று அந்த மூன்று பெண்களிடம் போய்ச் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏதோ ஒரு பக்கம்னு வெச்சுக்கோங்களேன்” என்றேன். சொல்லிவிட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம். இன்றைக்கும் பல் துலக்கும்போது கண்ணாடியில் அது தெரிந்தால் வாயைக் கழுவிக்கொண்டு நகர்ந்துவிடுகிறேன்.

யூனிஸ் மேற்கொண்டு கேட்கவில்லை. எங்கள் ஊரில் கேட்கமாட்டார்கள். தாங்களாகவே கூட்டிக் கழித்துக்கொள்வார்கள். மேப்ரி என்று பெயர் வைத்தால் மேப்ரி ரத்தம். நான் அந்த வருஷம் மருந்துக்கடையில்தான் வேலை பார்த்தேன். ஒரு ஓரத்தில் சோடாவும் ஐஸ்கிரீமும் விற்கிற மேடை இருக்குமே, அதற்குப் பின்னால் நின்றேன். ஜீன் பாதி நாள் லாரியில் வெளியூரில் இருந்தான். கடை முதலாளி எல்லிஸ் மேப்ரிக்கு அப்போது நாற்பது வயது. பார்க்க லட்சணமான மனிதர். பிள்ளை கிடையாது. இதற்கு மேல் ஊருக்கு என்ன வேண்டும்?

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதர் ஒரு நாள் என் விரல் நுனியைத் தொட்டதில்லை. கரண்டியைக்கூட மேடைமேல் வைத்துவிட்டுத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வார்.

குழந்தைக்கு இரண்டு மாதம் ஆனபோது முடி வெட்டப் போனேன். முடி வெட்டுகிற டாட் என்பவள், வாயில் கொண்டை ஊசியைக் கடித்துக்கொண்டு, குழந்தையைக் குனிந்து பார்த்து, கண் மட்டும் அவர் ஜாடை இல்லை என்றாள். யார் ஜாடை என்று கேட்டேன். அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது. எல்லிஸ் மேப்ரி ஆசைப்பட்ட பெண் என்று ஊர் நினைத்தது. உண்மை என்னவென்றால், ஜீன் டிட்வெல்கூட வேண்டாமென்று விட்டுவிட்டுப் போன பெண். கெட்டுப்போனவள் என்ற பெயர் கைவிடப்பட்டவள் என்ற பெயரைவிட எனக்குக் கௌரவமாகப் பட்டது. நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஆனால் அப்போது அப்படித்தான் பட்டது.

குழந்தை வளர வளர அது வசதியாகவும் போனது. பியானோ ஆசிரியை இடமில்லை என்றவள் இடம் கண்டுபிடித்தாள். பள்ளிக்கூடத்தில் நல்ல வகுப்பில் போட்டார்கள். சபைக் குழந்தைகள் நாடகத்தில் தேவதை வேஷம். என்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள்கூட குழந்தையின் தலையைத் தடவினார்கள், பாவம் அது என்ன செய்யும் என்கிற மாதிரி. யாரும் உறுமவில்லை.

எல்லிஸின் மனைவியைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. சொல்ல நா எழவில்லை என்பதுதான் உண்மை.

கொரின் மேப்ரி, லானியர் வீட்டுப் பெண். எங்கள் பக்கம் கல்யாணமானவளையும் மரியாதைக்கு மிஸ் என்போம், எங்களுக்கு அவள் மிஸ் கொரின். ஒடிசலான உருவம், நிமிர்ந்த முதுகு. ஞாயிற்றுக்கிழமை சபையில் இடதுபக்கம் மூன்றாவது பெஞ்சு அவர்களுடையது. நான் கடைசி பெஞ்சு. முன்பெல்லாம் அவர்கள் இருவரும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். தோளோடு தோள் ஒட்டியிருக்கும். என் குழந்தைக்கு மூன்று மாதம் ஆன சமயம், கொரின் பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். நடுவில் கைப்பை. ஆளுக்கொரு புத்தகம். அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரமும். இருபத்தொரு வருஷம் அந்த இடைவெளியைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு ஆண்டவரை ஸ்தோத்திரித்துப் பாடினேன்.

எல்லிஸ் ஒரே ஒரு தடவை என்னிடம் வந்தார். மகளுக்கு நாலு வயது, இருமல். கடையாள் கொண்டுவர வேண்டிய மருந்தை அவரே கொண்டுவந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை. படியில் நின்று தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“லொரீன், குழந்தை பேர மாத்துன்னு சொல்ல வரல. நல்ல பேருதான், நல்லா இருக்கட்டும். கொரின்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடு. நான் சொன்னா அவளுக்கு ஏற மாட்டேங்குது.”

சொல்கிறேன் என்றேன். அவர் போன பிறகு அழுதேன்கூட. மறுநாள் காலையில் எழுந்து வெண்ணெய்யும் முட்டையும் தாராளமாகப் போட்டு ஒரு கேக் செய்தேன், ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று. கொரின் கதவைத் திறந்தாள். உள்ளே உட்கார வைத்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கடிகாரம் அடிக்கிற சத்தம் கேட்டது. வாசலில் கமேலியா இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது என்றேன். ஆமாம் என்றாள். செடிக்கு என்ன உரம் போடுகிறீர்கள் என்று கேட்டேன். சொன்னாள். எழுந்து வந்துவிட்டேன்.

அதோடு விட்டேனா? அடுத்த நாள் கடைக்குப் போனபோது எல்லிஸ் என்னையே பார்த்தார். கேட்கக்கூட இல்லை, பார்த்தார். அவருக்குப் பின்னால் அலமாரியில் பாட்டில் பாட்டிலாக மருந்து. மிஸ்டர் எல்லிஸ், மிஸ் கொரின்கிட்ட சொல்லிட்டேன், அவங்க ஒண்ணும் பதில் சொல்லல என்று கூசாமல் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“சரிம்மா. நீ உன்னால ஆனத செஞ்சுட்ட” என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் சொல்லியும் மனைவி நம்பவில்லை என்று முடிவு செய்திருப்பார். அந்த முடிவோடு பதினேழு வருஷம் அந்த வீட்டில் இருந்திருக்கிறார். இதை நான் வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை, என் மகளிடம்கூட.

மகளிடம் மற்றதைச் சொன்னேன். பதினொரு வயதில் பள்ளியிலிருந்து வந்து, நான் மருந்துக்கடைக்காரர் பொண்ணா என்று நேராகக் கேட்டாள். ஜீனின் போட்டோவைக் கொண்டுவந்து கண்ணாடிக்கு முன்னால் அவளை நிறுத்தினேன். ஜீனுக்குக் காது இரண்டும் கதவு திறந்த மாதிரி விரிந்து நிற்கும். அவளுக்கும் அதே காது. பார்த்தாள், நம்பினாள். பிறகு, அப்படின்னா நீ ஏன் எல்லார்கிட்டயும் சொல்லல என்று கேட்டாள். சாப்பிட வா என்றேன். அன்றிலிருந்து தலைமுடியைக் காதுக்குப் பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டுதான் வெளியே போவாள். எனக்கு அது உறைத்தது. உறைத்தும் என்ன பிரயோசனம்.

எல்லிஸ் மூன்று வருஷத்துக்கு முன்னால் இறந்துபோனார். எங்கள் பக்கம் புருஷன் பெண்டாட்டிக்குச் சேர்த்து ஒரே அகலக் கல்லாக வைப்பார்கள். ஒருவர் பெயரையும் இரண்டு தேதியையும் வெட்டி, இருக்கிறவர் பெயருக்குக் கீழே இறந்த தேதியை மட்டும் வெற்றாக விட்டிருப்பார்கள். எல்லிஸுக்கு ஒற்றைக் கல். அதைப் பார்த்தபோதே எனக்குப் பக்கென்றது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. செத்த பிறகு சொல்லி என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சோம்பேறிக்கும் கோழைக்கும் சமாதானத்துக்கா பஞ்சம்.

இந்த ஏப்ரல் மாதம் அட்லாண்டாவிலிருந்து மகள் போன் செய்தாள். அவளுக்கு ஜூனில் கல்யாணம். கொரினுக்கும் ஒரு பத்திரிகை அனுப்பியிருந்தாள், மரியாதைக்கு. பதிலாகக் கடிதம் வந்திருக்கிறது. போனிலேயே வாசித்துக் காட்டினாள்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லிஸின் வலப்பக்கம் கொரினுக்கென்று ஒதுக்கிய இடம் ஒன்று இருக்கிறதாம். அவள் அங்கே வரப்போவதில்லையாம். தன் பிறந்த வீட்டாரான லானியர்களோடு மேல்மேட்டில் படுத்துக்கொள்வாளாம். எல்லிஸுக்கு உன்னைத் தவிர வேறு ரத்தம் இல்லை, அவரைத் தனியாக விட எனக்கு மனமில்லை, அந்த இடத்தை உன் பெயருக்கும் உன் குடும்பத்துக்கும் எழுதித் தருகிறேன், திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கிறேன், உன்மேல் எனக்கு எப்போதும் கோபம் இருந்ததில்லை, என்று எழுதியிருந்தாள். கல்யாணப் பெண்ணுக்குக் கல்லறை இடத்தைச் சீர் கொடுப்பது எங்கள் ஊரில்தான் நடக்கும்.

வாசித்து முடித்துவிட்டு மகள் கேட்டாள்.

“அந்தம்மா புருஷன் பக்கத்துல போய் நான் படுக்கணுமாம்மா? திங்கக்கிழமைக்குள்ள நீ சொல்றியா, நான் வந்து சொல்லட்டுமா?”

நீ வேண்டாம், நானே சொல்கிறேன் என்றேன். அவள் நம்பாமல்தான் போனை வைத்தாள். அவளைக் குறை சொல்ல முடியாது.

சனிக்கிழமை காலை மறுபடியும் கேக் செய்தேன். கை தவறி இரண்டு முட்டை கீழே விழுந்தது. பத்து மணிக்குக் கொரின் வீட்டு மணியை அடித்தேன். அவளுக்கு இப்போது அறுபத்தைந்து வயதிருக்கும். முதுகு அப்படியேதான் நிமிர்ந்திருந்தது. என் கையில் இருந்ததைப் பார்த்தாள்.

“லொரீன், போன தடவையும் கேக்தான் கொண்டு வந்த. கமேலியா பத்திப் பேசிட்டுப் போன. இந்தத் தடவையும் பூவப் பத்தித்தான்னா கேக்க வெச்சுட்டுக் கிளம்பு, எனக்கு வேலை இருக்கு.”

“இல்ல மிஸ் கொரின். வேற விஷயம்” என்றேன்.

அதே நாற்காலி. அதே கடிகாரம். அவள் அதே மாதிரி கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் இந்தத் தடவை மூச்சு விடாமல் சொன்னேன். மேப்ரி ஜீனுடைய மகள். மிஸ்டர் எல்லிஸுக்கும் எனக்கும் ஒன்றும் கிடையாது, ஒரு நாளும் கிடையாது. அவர் பேரில் ஒரு தப்பும் இல்லை.

அப்ப அந்தப் பேரு ஏன் வெச்ச என்று மட்டும் அவள் கேட்டாள்.

“ஆஸ்பத்திரி ஜன்னல்லேர்ந்து கடை போர்டு தெரிஞ்சுது. எனக்குப் புடிச்சிருந்துது.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவள் தலையை ஆட்டினாள். மளிகைக்கடையில் சாமான் இல்லை என்று சொன்னால் ஆட்டுவோமே, அந்த மாதிரி. எழுந்துபோய் ஜன்னல் திரையைச் சரிசெய்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. எனக்கு முதுகு காட்டிக்கொண்டே பேசினாள்.

“மூணு தடவை கேட்டேன் அவர. மூணு தடவையும் இல்லன்னார். நாலாவது தடவை நான் கேக்கல, பக்கத்து ரூம்ல கட்டில் போட்டுக்கிட்டேன். நீ ஒரு தடவை சொல்லியிருந்தா நம்பியிருப்பேன் லொரீன். ஒரே ஒரு தடவை.”

திரையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“நீ கேக்கோட வந்தியே, அன்னிக்குத்தான் சொல்ல வந்திருக்கேன்னு நெனச்சேன். நீ உரத்தப் பத்திக் கேட்ட. சரி, சொல்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் நெஜம்தான்னு அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன். ஒண்ணும் இல்லேன்னா அவர் உன்னக் கையோட கூட்டிட்டு வந்து என் முன்னாடி நிறுத்தியிருப்பாரே. ஏன் செய்யல? அதத்தான் இத்தன வருஷமா என்னால தாண்ட முடியல. ஏன் அவர் உன்கிட்ட வந்து கேக்கல?”

அவர் கேட்டார். படியில் நின்று, தொப்பியை உருட்டிக்கொண்டு கேட்டார். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். இவ்வளவு சொன்னோமே, இது ஒன்று போகட்டும் என்று எனக்குள் ஒரு அற்பப் புத்தி சொன்னது. தெரியல என்றேன்.

கொரின் கைப்பையை எடுத்துக்கொண்டாள். சபையில் பெஞ்சு நடுவில் வைத்த அதே கைப்பை இல்லைதான். ஆனால் எனக்கு அதுவே என்று தோன்றியது.

வண்டியை எடு, அவரிடம் போக வேண்டும் என்றாள்.

கல்லறைத் தோட்டத்தில் ஹாய்ட் பிக்கன்ஸ் மெஷினில் புல் வெட்டிக்கொண்டிருந்தான். சபைத் தோட்டத்துக்கு முப்பது வருஷமாக அவன்தான் ஆள். எங்களைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டான். ஒன்றாக வந்திறங்கிய எங்களைப் பார்த்ததில் மெஷின் ஒரு செடியின் மேல் ஏறி இறங்கியது.

எல்லிஸின் கல்லுக்கு இடப்பக்கம் அவர் அம்மா. வலப்பக்கம் வெறும் புல். கொரின் அந்தப் புல்லுக்கு விளிம்பில் வந்து நின்றாள், கால் வைக்காமல்.

“என்கிட்ட சொன்னத அவர்கிட்ட சொல்லு.”

நான் சொன்னேன். மிஸ்டர் எல்லிஸ், மிஸ் கொரின்கிட்ட சொல்லிட்டேன் என்றேன், முணுமுணுப்பாக. அந்த வாக்கியம் வாயிலிருந்து வெளியே வந்ததும் எனக்கு உடம்பு கூசியது. இருபது வருஷத்துக்கு முன்னால் மருந்து அலமாரிக்கு முன்னால் நின்று சொன்ன அதே வாக்கியம். எழுத்துப் பிசகாமல் அதே வாக்கியம்.

“சத்தமா சொல்லு. கடைசி அஞ்சு வருஷம் அவருக்குக் காது சரியா கேக்கல” என்றாள் கொரின்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. முட்டி போட்டுக் கீழே உட்கார்ந்துவிட்டேன்.

“மிஸ்டர் எல்லிஸ், நான் அன்னிக்குச் சொல்லல” என்று கத்தினேன். “நீங்க என் வீட்டுக்கு வந்து கேட்டீங்க, நான் போனேன், ஆனா சொல்லல. சொல்லிட்டேன்னு உங்ககிட்ட பொய் சொன்னேன். அவங்க நம்பாம இல்ல. அவங்களுக்கு நான் சொல்லவே இல்ல.”

ஹாய்ட் மெஷினை நிறுத்தியிருந்தான். என் குரல் நாலு பக்கமும் போய்த் திரும்பி வந்த மாதிரி இருந்தது. கொரின் என்னைப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. நிமிர எனக்குத் தைரியமில்லை. அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கேட்டாரா?” என்றாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. “உன் வீட்டுக்கு வந்து கேட்டாரா?”

“படியில நின்னு கேட்டார். கொரின்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுன்னார். பேரக்கூட மாத்தச் சொல்லல.”

“நான் நம்பலைன்னு நெனச்சுக்கிட்டே போயிட்டாரா?”

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அழவில்லை. ரொம்ப நேரம் கல்லில் இருந்த பெயரையே பார்த்தாள்.

“நீ போ லொரீன்” என்றாள் கடைசியில். “நாங்க ரெண்டு பேரும் பேச வேண்டியது இருக்கு.”

எழுந்து, முட்டியில் ஒட்டிய புல்லைக்கூடத் தட்டாமல் நடந்தேன். ஹாய்ட் வழியில் நின்றுகொண்டிருந்தான். எல்லாம் கேட்டிருப்பான். நானே முந்திக்கொண்டு, மேப்ரி ஜீனோட பொண்ணு, ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லு என்றேன்.

அவன் தலையைச் சொறிந்தான்.

“அது தெரியுமே. அந்தக் காதப் பாத்தாலே தெரியாதா? என் பொண்டாட்டி பத்து வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கா.”

“அப்ப ஏன் யாரும் மிஸ் கொரின்கிட்ட சொல்லல?”

“அவங்ககிட்ட போய் அந்தப் பேச்ச எப்படி எடுக்கறது?” என்றான் ஹாய்ட். “மரியாதையா இருக்காதே.”

நான் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். கிளம்பவில்லை. அவளைத் திரும்ப வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும், என் வண்டியில் ஏறுவாளோ மாட்டாளோ தெரியாது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கொரின் புல்லின் விளிம்பிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கைப்பையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, மெதுவாகக் குனிந்து, தனக்கென்று ஒதுக்கியிருந்த இடத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, கல்லை ஒட்டி நகர்ந்துகொண்டாள்.

பன்னிரண்டு மணிவரை வெயிலில் அப்படியே இருந்தாள். நான் ஜன்னலை இறக்கிவிட்டுக் காத்திருந்தேன்.